நைட் டூட்டி முடிந்து பகலில் தூங்கலாமா? ஆயுர்வேதம் உண்மையில் என்ன சொல்கிறது?

மருதாணி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டிதான். ராத்திரி எட்டுக்கு ஏறினால் காலை எட்டுக்கு ஹேண்ட் ஓவர் கொடுத்து, பஸ் பிடித்து வீடு வந்து சேர ஒன்பதரை ஆகிவிடும். அதற்குள் பசி காதை அடைக்கும். நாலு இட்லி, சாம்பார், ஒரு காபி. சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவேன். நடுவில் பக்கத்து வீட்டு குக்கர் விசில், கேஸ்காரர் பெல், போன். ஒருவழியாக மதியம் எழுந்தால் தலை பாரம், நெஞ்சுக் கரிப்பு, வாயெல்லாம் புளிப்பு.

அத்தைக்கு நான் பகலில் படுப்பதே பிடிக்கவில்லை. "பகல்ல தூங்கற வீட்டுல லட்சுமி தங்கமாட்டா" என்பார். இப்போது ஒரு வீடியோவையும் காட்டுகிறார், ஆயுர்வேதத்தில் பகல் தூக்கம் அடியோடு விலக்கு என்று அதில் ஒருவர் பேசுகிறார். அப்படியானால் ராத்திரி முழுக்க ஐ.சி.யூ.வில் நின்றுவிட்டு வருகிற நாங்கள் என்ன செய்வது? மூல நூலைப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை

உங்கள் அத்தை சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது சகோதரி. நம் சித்த மருத்துவத்திலும் அது உண்டு. தேரையர் பாடிய நோயணுகா விதியில் "பகல்துயிலோம்" என்றே வருகிறது. எங்கள் ஊரில் எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று தாத்தா யாரையும் மதியம் கண்ணசர விடமாட்டார். சளி பிடிக்கும், காய்ச்சல் வரும் என்பார். சனிக்கிழமை மதியம் பிள்ளைகள் சொக்கி விழுந்தால் எழுப்பித் திண்ணையில் உட்கார வைத்துவிடுவார்.

ஆனால் அதெல்லாம் ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறவர்களுக்குச் சொன்னது என்றுதான் எனக்குப் படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கொங்கு வைத்தியன்

மருதாணி, நான் பி.ஏ.எம்.எஸ். என்ற ஆயுர்வேதப் பட்டப்படிப்பை முடித்துவிட்டு கோவைப் பக்கம் சிகிச்சை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் மில் தொழிலாளர்கள், நர்ஸுகள், ஐ.டி. பிள்ளைகள் நிறைய. நீங்கள் கேட்ட இதே கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த வீடியோ. ஆயுர்வேதத்தின் மூல நூல்களுக்கு உரியவர்களில், பகல் தூக்கம் அடியோடு விலக்கு என்று சரகரும் சொல்லவில்லை, சுச்ருதரும் சொல்லவில்லை, வாக்படரும் சொல்லவில்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று மூவருமே பிரித்துத்தான் பேசுகிறார்கள். அந்தப் பிரிவை விட்டுவிட்டு ஒற்றை வரியை மட்டும் எடுத்துப் பயமுறுத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, தூங்க வேண்டியவர்கள் தூங்காமல் கிடக்கிறார்கள்.

சரக சம்ஹிதை, சூத்திர ஸ்தானம் என்ற பகுதி, 21-ஆம் அத்தியாயம். உடல் பெருத்தவர், மிக மெலிந்தவர் பற்றிய அத்தியாயம் அது. தூக்கத்தைப் பற்றிய விரிவான பேச்சு அதற்குள்தான் வருகிறது. மிகையான தூக்கம் உடலைப் பெருக்கும், தூக்கக் கேடு உடலை வற்றவைக்கும் என்பதால் அவருக்கு இரண்டும் ஒரே விஷயம். இன்பம் துன்பம், உடல் தேறுவது மெலிவது, பலம் பலவீனம், அறிவு அறியாமை, உயிர் வாழ்வது வாழாதது எல்லாமே தூக்கத்தைச் சார்ந்தவை என்று அங்கே சொல்கிறார். உணவு, தூக்கம், பிரம்மசரியம் மூன்றும் உடலைத் தாங்கும் உபஸ்தம்பங்கள், அதாவது துணைத் தூண்கள் என்று 11-ஆம் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டார்.

பகல் தூக்கத்துக்கு வருவோம். கோடையில் எல்லோருக்கும் அனுமதி உண்டு. இரவு குறுகிவிடுகிறது, வெயில் உடலின் ஈரத்தை உறிஞ்சுகிறது, வாதம் சேருகிறது என்று காரணமும் சொல்கிறார்கள். மற்ற பருவங்களில் பகலில் தூங்கினால் கபமும் பித்தமும் கூடும். ஆனால் அப்போதும் பகலில் தூங்கலாம் என்று அனுமதி பெற்றவர்களின் நீண்ட பட்டியல் ஒன்று அங்கேயே இருக்கிறது: முதியவர், குழந்தை, மெலிந்தவர், காயம்பட்டவர், சுமை தூக்கியோ வழி நடந்தோ வண்டிப் பயணத்தாலோ களைத்தவர், கோபத்தாலும் துக்கத்தாலும் பயத்தாலும் சோர்ந்தவர், வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, விக்கல் உள்ளவர், பகல் தூக்கம் பழகிப்போனவர். சரகர் பட்டியலில் இரவு கண்விழித்தவரும் இருக்கிறார். உங்களுக்கான இடம் அது. அத்தையிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

உங்கள் பிரச்சினைக்கு நேரான விடை வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில், சூத்திர ஸ்தானம் 7-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. கேரளத்து அஷ்டவைத்தியர் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கும் நூல் இது. அதில் ஒரு அடி:

"அஸாத்ம்யாஜ் ஜாகராத் அர்த்தம் ப்ராத: ஸ்வப்யாத் அபுக்தவான்."

பழக்கமில்லாமல் இரவு கண்விழிக்க நேர்ந்தால், விழித்த நேரத்தில் பாதியைக் காலையில் தூங்க வேண்டும், சாப்பிடாமல் தூங்க வேண்டும். சுச்ருதரும் விழித்த நேரத்தில் பாதி என்றே கணக்குச் சொல்கிறார்.

இப்போது உங்கள் காலை நேரத்தைப் பாருங்கள். நாலு இட்லியும் சாம்பாரும் காபியும் உள்ளே போன கையோடு படுக்கிறீர்கள். தலை பாரம், குமட்டல், மூக்கடைப்பு, அக்கினி மந்தம் (செரிமானக் குறைவு) என்று அகாலத் தூக்கத்தின் விளைவாக வாக்படர் அடுக்குகிற குறிகள்தான் ஏறக்குறைய நீங்கள் எழுதியிருப்பவை. நெஞ்சுக் கரிப்புக்கு நவீன மருத்துவமும் இதையே சொல்லும், சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் படுக்காதே என்று. வரிசையை மாற்றுங்கள். டூட்டிக்குக் கிளம்புமுன் நல்ல சாப்பாடு. நள்ளிரவுக்கு முன்னால் லேசாக ஏதாவது. காலையில் வந்ததும் குளித்து, அரை டம்ளர் சூடான பால் மட்டும் குடித்துவிட்டுப் படுங்கள். எழுந்த பிறகு இட்லி. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் இதைத் தாமாகச் செய்யக் கூடாது. வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கிவிடும், உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் நேரத்தை மாற்ற வேண்டும்.

நெல்லைச்சீமை ஐயா, உங்கள் தாத்தா சொன்னதற்கும் இங்கே கணக்கு இருக்கிறது. இரவு விழிப்பு உடலை வறட்டும், பகல் தூக்கம் நெய்ப்பைக் கூட்டும் என்பது சரகரும் வாக்படரும் சொல்லும் விதி. எண்ணெய்க் குளியலே நெய்ப்பு, அதன்மேல் பகல் தூக்கம் இன்னொரு நெய்ப்பு. கபம் ஏறத்தான் செய்யும். கண்விழித்து வறண்டு வந்தவருக்கு அதே நெய்ப்பு மருந்தாகிறது. ஒரே செயல் ஒருவருக்கு விலக்காகவும் இன்னொருவருக்கு விதியாகவும் இருப்பது இப்படித்தான்.

சான்று கேட்பவன்

//விழித்த நேரத்தில் பாதியைக் காலையில் தூங்க வேண்டும்//

டாக்டர், மரியாதையோடுதான் கேட்கிறேன். மருதாணி அக்கா பன்னிரண்டு மணி நேரம் விழித்திருக்கிறார், பாதி என்றால் ஆறு. எட்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவருக்கு நாலு மணி நேரத் தூக்கம்தான் வரும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-இல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்குத் தினமும் ஏழு மணி நேரமாவது வேண்டும் என்கிறது. நாலு மணி நேரம் போதும் என்று ஒருவர் இதைப் படித்துவிட்டு நம்பினால் அவர் உடம்பு என்ன ஆகும்?

இன்னொன்று. பகலில் எவ்வளவு தூங்கினாலும் உடலின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது. அந்தக் கடிகாரம் மரபணு அளவில் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை 2007-இல் "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது" என்ற 2ஏ பிரிவில் வைத்தது. 2019-இல் மறுபடி பார்த்தும் இரவு வேலையை அதே பிரிவில்தான் வைத்தார்கள். பால் குடிப்பதாலும் சாப்பாட்டு வரிசையை மாற்றுவதாலும் இது சரியாகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கொங்கு வைத்தியன்

தம்பி, கேட்டது நல்ல கேள்வி.

"அஸாத்ம்ய" என்று நூல் சொல்வது எப்போதாவது நேரும் விழிப்பை. கோயில் கொடை, வீட்டில் நோயாளி, பயணம் மாதிரி. மறுநாள் இரவு அவர் வழக்கம்போலத் தூங்கிவிடுவார், அதனால் காலையில் பாதி போதும். மாதத்தில் பாதி நாள் நைட், மீதி நாள் பகல் என்று மாறி மாறி வேலை பார்க்கும் ஒரு வாழ்க்கை அந்த நூல்களின் காலத்தில் இல்லை. ஆகவே மருதாணி மாதிரியானவர்கள் அந்தப் பாதியை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளவே கூடாது. முடிந்த அளவு ஏழு மணி நேரத்தைத் தொட வேண்டும், காலையில் ஒரு நீண்ட தூக்கமும் டூட்டிக்கு முன் ஒரு குட்டித் தூக்கமுமாகப் பிரித்தாவது. நூலிலிருந்து அவர்கள் எடுக்க வேண்டியது "காலையில்", "சாப்பிடாமல்" என்ற இரண்டையும். மதியத்துக்குத் தள்ளாமல் வந்தவுடன் படுப்பதும், காலி வயிறும்.

சுச்ருதர் சாரீர ஸ்தானத்தில், இரவோ பகலோ தூக்கத்தைப் பழக்கமாக்கிக்கொண்டவருக்கு அதனால் தோஷம் இல்லை என்கிறார். இதைக் காட்டி நிரந்தர நைட் ஷிப்டுக்குச் சான்றிதழ் கொடுக்கிறவர்களும் எங்கள் துறையில் உண்டு. நான் கொடுக்க மாட்டேன். நீங்கள் சொன்ன ஆய்வுகளைப் பார்த்த பிறகு அந்த வரியை அந்த அளவுக்கு இழுப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம். ஷிப்டை மாற்றிக்கொள்ள வாய்ப்பு இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் என் நோயாளிகளிடம் முதலில் சொல்கிறேன். வாய்ப்பில்லாதவர்களுக்குத்தான் மற்றதெல்லாம்.

தார்ச்சாலை

நான் லாரி ஓட்றவன் டாக்டர். நாமக்கல்லுலேர்ந்து வடக்கே போயிட்டு வர்றது. எங்களுக்கு வீடும் இல்ல, படுக்கையும் இல்ல. டீக்கடை ஓரமா வண்டிய ஒதுக்கிட்டு சீட்லயே சாஞ்சு கொஞ்ச நேரம் கண்ண மூடுவோம். இதுக்கு ஏதாச்சும் சொல்லியிருக்கா? படுத்துத் தூங்குனாதான் தூக்கம்னு கிளீனர் பையன் சொல்றான்.

கொங்கு வைத்தியன்

உங்களுக்கென்றே ஒரு வரி இருக்கிறது அண்ணா. உட்கார்ந்தபடியே கண்ணயர்வது வறட்டவும் செய்யாது, கபத்தைக் கூட்டி அடைப்பும் உண்டாக்காது என்று சரகரும் வாக்படரும் சொல்கிறார்கள். அதனால் சீட்டில் சாய்ந்து எடுக்கும் அந்தக் கால் மணி, அரை மணியைத் தயங்காமல் எடுங்கள். எழுந்தவுடன் ஓட்டாதீர்கள். முகம் கழுவி, நாலடி நடந்து, மயக்கம் முழுக்கத் தெளிந்த பிறகு சாவியைப் போடுங்கள்.

ஆனால் கொட்டாவி, உடல் வலி, கண் கனம், தலை பாரம் எல்லாம் தூக்கத்தை அடக்கினால் வரும் குறிகள். சிறுநீர், மலம், தும்மல் மாதிரி அடக்கக் கூடாதவை என்று நூல் சொல்லும் பதின்மூன்று வேகங்களில், அதாவது உடலின் இயல்பான உந்துதல்களில், தூக்கமும் ஒன்று. அந்தக் குறிகள் வந்துவிட்டால் டீயும் பாட்டும் போதாது. விடிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு எப்படியும் சரியும் நேரம். அப்போது வண்டியை ஒதுக்கிப் படுத்துவிடுங்கள். இதற்கு மருந்து தூங்குவதும், கைகால் பிடித்துவிடுவதும் என்று நூலிலேயே சொல்லியிருக்கிறது.

பனங்காடு

அண்ணா, ஒரு சந்தேகம். பாம்பு கடித்தவரைத் தூங்க விடக் கூடாது என்று எங்கள் ஊரில் இன்றும் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இதுவும் ஆயுர்வேதத்திலிருந்து வந்ததா?

கொங்கு வைத்தியன்

விஷம் தீண்டியவரும் தொண்டை நோயாளியும் இரவில்கூடத் தூங்கக் கூடாது என்று வாக்படர் எழுதியிருக்கிறார், உண்மைதான். ஊர் வழக்கம் எங்கிருந்து வந்ததோ, இன்றைக்கு அதை நம்பி நேரத்தைக் கழிக்காதீர்கள். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவரைத்தான் கடிக்கிறது. வலி பெரிதாக இருக்காது. கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பார்ப்பவர்களுக்குத் தூக்கம் மாதிரித் தெரியும். அது நரம்பை விஷம் பிடிக்கும் அறிகுறி. விழிக்க வைத்தாலும் விஷம் இறங்காது. கடித்த காலை அசைக்காமல், விஷமுறிவு ஊசி இருக்கும் மருத்துவமனைக்கு உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

ஏலக்காய் டீ

என் அப்பாவுக்கு அறுபது வயது, எடை அதிகம். ராத்திரி அவர் விடும் குறட்டை பக்கத்து அறை வரை கேட்கும். பகலில் பேப்பர் படித்துக்கொண்டே தூங்கிவிடுகிறார், பேசிக்கொண்டிருக்கும்போதே சொக்குகிறார். கப உடம்பு, பகலில் தூங்கவே கூடாது என்று ஒரு வைத்தியர் சொன்னதால் அம்மா அவரைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறார். சோம்பேறித்தனம் என்று வேறு திட்டு. சரிதானா டாக்டர்?

கொங்கு வைத்தியன்

அம்மாவை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். கொழுப்பும் கபமும் மிகுந்தவர் பகலில் தூங்கக் கூடாது என்று நூலில் இருப்பது உண்மை. அதே சரகர் தூக்கத்தை ஆறு வகையாகப் பிரிக்கிறார். அதில் நோயைத் தொடர்ந்து வரும் தூக்கம் என்றும் ஒரு வகை உண்டு. நோயினால் வருகிற தூக்கத்துக்கு நோயைத்தான் பார்க்க வேண்டும். ஆளைத் தட்டி எழுப்பி என்ன பயன்?

பருத்த உடல், பெருங்குறட்டை, பகலில் அடக்க முடியாத சொக்கல், இந்த மூன்றும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்க நிறைய வாய்ப்பு. இரவில் குறட்டை திடீரென்று நின்று, பிறகு திணறி மூச்சு வாங்குகிறாரா என்று கவனியுங்கள். ரத்த அழுத்தம் பாருங்கள். நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்டித் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். தேவைப்பட்டால், தூங்கும்போது மூச்சுப் பாதை அடைபடாமல் காற்றைச் செலுத்தும் சி-பாப் கருவி கொடுப்பார்கள். எடை குறைக்க நானும் உதவ முடியும், ஆனால் பரிசோதனை முதலில். அதுவரை அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள்.

மருதாணி

டாக்டர், வரிசையை மாற்றினேன். நெஞ்சுக் கரிப்பு கிட்டத்தட்ட நின்றுவிட்டது, அதற்கே உங்களுக்கு ரொம்ப நன்றி. பசியோடு படுக்க முடியுமா என்று பயந்தேன், அந்த அரை டம்ளர் பாலே போதுமானதாக இருக்கிறது.

ஆனால் படுத்தவுடன் தூக்கம் வருவதில்லை. மானிட்டர் சத்தம் காதுக்குள்ளேயே கேட்கிறது. ராத்திரி பார்த்த நோயாளிகளின் முகம் வருகிறது. கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் அஸ்வகந்தா மாத்திரை போடுகிறார்கள். ஒருத்தி பாலில் ஜாதிக்காய்ப் பொடி. சர்ப்பகந்தா நல்லது என்றும் ஒருவர் சொன்னார். எதைப் போடலாம்?

கொங்கு வைத்தியன்

மாத்திரைக்கு முன்னால் நூல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். தூக்கம் குறைந்தவருக்கு வாக்படர் கொடுக்கும் சிகிச்சையில் பால், மாமிச ரசம், தயிர், எண்ணெய் தேய்த்தல், குளியல், தலைக்கும் காதுக்கும் கண்ணுக்கும் நெய்ப்பு எல்லாம் வருகிறது. பிறகு மனதுக்கு வருகிறார். மன அமைதி, செய்ய வேண்டியதைச் செய்து முடித்தோம் என்ற நிறைவு, மனதுக்கு இதமான விஷயங்கள், இவையும் அதே பட்டியலில் மருந்தாகவே இருக்கின்றன. நோயாளிகளின் முகம் வருகிறது என்றீர்களே, ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது விட்டுப்போன ஏதாவது மனதில் அரிக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் வரும் ஒரு நர்ஸம்மா வார்டை விட்டு இறங்குமுன் அன்றைக்குச் செய்து முடித்ததை ஒரு சின்ன நோட்டில் எழுதிவிட்டுத்தான் கிளம்புகிறார். அது அவருக்குப் பலன் தருகிறது.

பால் பற்றி ஒரு விஷயம். தூக்கமின்மைக்கு எருமைப்பால் நல்லது என்று சரகர் 27-ஆம் அத்தியாயத்தில் தனியாகவே குறிப்பிடுகிறார். உங்களுக்குச் செரித்தால் அதை முயலலாம். செரிமானம் மந்தமாக இருக்கும் நாளில் வேண்டாம்.

குளித்துவிட்டு உள்ளங்காலில் நல்லெண்ணெயைச் சூடுகாட்டி, குதிகாலிலிருந்து விரல் வரை பத்து நிமிடம் தேயுங்கள். கட்டைவிரலால் உள்ளங்கால் நடுவில் மெதுவாக அழுத்துங்கள். பழைய சாக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டால் போர்வையும் அழுக்காகாது, தரையில் வழுக்கவும் செய்யாது. வாக்படர் தினசரி எண்ணெய்த் தேய்ப்பைச் சொல்லும்போது தலை, காது, பாதம் மூன்றையும் சிறப்பாகக் குறிப்பிட்டு, அதன் பலன்களில் நல்ல தூக்கத்தையும் சேர்க்கிறார். சளி கட்டியிருக்கும்போதும் அஜீரணத்தின்போதும் தவிருங்கள். வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, அறைக்குக் கெட்டித் திரை, நள்ளிரவுக்குப் பின் காபி இல்லை. இவை மூல நூலில் இல்லாதவை, ஆனாலும் அவசியம்.

இனி மருந்துகள். அஸ்வகந்தாவுக்குத் தூக்கத்தில் ஓரளவு பலன் இருப்பதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகளும் வந்திருக்கின்றன. கர்ப்பிணிகளும் தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் தாமாகத் தொடவே கூடாது. ஜாதிக்காய் ஒரு சிட்டிகையோடு நிற்க வேண்டும். கூடினால் குமட்டல், படபடப்பு, பிதற்றல் வரை போகும்.

சர்ப்பகந்தா விளையாட்டே இல்லை. 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அதன் வேரைப் பற்றி எழுதினார்கள், ரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும். 1952-இல் அதிலிருந்து ரிசர்பின் பிரிக்கப்பட்டு உலகம் முழுக்க ரத்த அழுத்த மாத்திரையானது. ரத்த அழுத்தத்தை இறக்கும், மனச்சோர்வையும் கொண்டுவரும் என்பது அந்த அனுபவத்தில் தெரிந்தது. இரவெல்லாம் நின்று வேலை பார்க்கிற நீங்கள் மயங்கி விழுந்தால் என்ன ஆகும்? யாரோ சொன்னார் என்று அதை வாங்காதீர்கள்.

சான்று கேட்பவன்

இந்தப் பதிவில் எனக்கு முழு உடன்பாடு டாக்டர். மருதாணி அக்கா, பல வாரங்களாகத் தூக்கம் வராமல் இருந்தால் தூக்க மாத்திரைக்குப் போகுமுன், தூக்கமின்மைக்கென்றே இருக்கும் மனப் பழக்கச் சிகிச்சையை (சி.பி.டி.) கேட்டுப் பாருங்கள். இப்போது முதல் சிகிச்சையாக அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். வைத்தியர் சொன்ன அந்த நோட்டு எழுதும் பழக்கமும் அதற்குப் பக்கத்தில் வருவதுதான்.

கடற்கரைக்காரி

இப்பதான் முழுக்கப் படிச்சு முடிச்சேன். நாங்க காயல்பட்டினம். நோன்பு மாசத்துல தராவீஹ்ங்கற ராத்திரித் தொழுகை முடிஞ்சு படுக்கவே நேரமாயிடும். திரும்ப விடியறதுக்கு முன்னாடி சஹருக்கு எழும்பி சாப்பிட்டு, சுபுஹுங்கற விடிகாலைத் தொழுகையும் தொழுதுட்டு உடனே படுத்துருவோம். எழும்பும்போது மருதாணி சொன்ன மாதிரியே வாய் புளிப்பும் தலைவலியும். நோன்பு வச்சிருக்கவங்க இந்த "சாப்பிடாம தூங்கணும்"ங்கறதை எப்படிப் பண்றது டாக்டர்?

கொங்கு வைத்தியன்

நோன்பு காலத்தில் இது உங்களுக்கு இன்னும் சுலபம் அம்மா. சஹரில் பொரித்தது, தேங்காய்ப்பால் சேர்த்தது, காரம் குறைத்து, முடிந்தவரை முன்னதாகச் சாப்பிட்டுவிடுங்கள். தொழுத பிறகு உடனே சாயாமல் ஓதுவது, வீட்டு வேலை என்று சற்று உட்கார்ந்தோ நடந்தோ இருங்கள். அடக்க முடியாமல் வந்தால் தலையணையைச் சாய்வாக வைத்து உட்கார்ந்தபடி கண்ணயரலாம், லாரி அண்ணாவுக்குச் சொன்ன அதே விதி.

உண்மையான தூக்கத்தை முற்பகலிலோ, நண்பகல் தொழுகையான லுஹருக்கு ஒட்டியோ வையுங்கள். அப்போது வயிறு தானாகவே காலி. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கைலூலா என்ற நண்பகல் குட்டித் தூக்கப் பழக்கம் அந்த நேரத்தில்தானே வருகிறது. பகல் தூக்கம் விலக்கான பருவத்திலும் களைத்தவருக்கும் முதியவருக்கும் சாப்பிடாதவருக்கும் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம் அனுமதிக்கிறார் சுச்ருதர். இரவில் இழந்தது அதிகம் என்றால் அதற்கு மேலும் தூங்கலாம். மாலைத் தொழுகையான அஸருக்குப் பின் படுக்காதீர்கள், ராத்திரித் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் நோன்பு வைப்பதாக இருந்தால் மருந்தின் அளவும் மாத்திரை நேரமும் பற்றி ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.